மேஸ்திரி போட்ட முட்டை

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்குகிற மாதிரி என் வரிகள் வலது பக்கம் இறங்கிவிடும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவு இல்லை. கௌதாரி என்ற சொல்லை எழுதத் தெரியாததால்தான் நான் காடையைப் பற்றி எழுதுகிறேன் என்று என் மனைவி கேலி செய்கிறாள். இந்த இடத்தில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். மற்ற பிழையெல்லாம் என்னுடையது.

நான்கு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீக்கடையில்கூடக் கிளாஸை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுவிடுவேன். ஆனால் இப்போது எங்கள் வீட்டுக்கு 'முட்டை போட்ட சேவல் வீடு' என்று பெயர் வந்துவிட்டது. கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் அது சண்டைக்கு விடுகிற கட்டுச்சேவல் என்கிறார். இன்னொருவர், முட்டையை நானே கூண்டில் வைத்தேன் என்கிறார். நேரில் கேட்டால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அதனால்தான் நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில், ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஏரித் தண்ணீர் பாய்கிற நிலத்தில் நெல். கொஞ்சம் மேடான நிலத்தில் வேர்க்கடலை. அதற்கும் மேலே கல்லும் முள்ளும்தான். இந்த எல்லாத் தரையிலும் காடை உண்டு. ஆனால் எல்லாம் ஒரே காடை கிடையாது.

கல்மேட்டில் இருக்கிற காடை கூட்டமாக வாழும். முள்ளுப் புதருக்கு அடியில் வட்டமாக, தலையை வெளிப்பக்கம் வைத்து நெருக்கி உட்கார்ந்திருக்கும். கால் படுகிறவரை அசையாது. பிறகு பட்டாசு வெடித்ததுபோல எல்லாத் திசையிலும் பறக்கும். எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு திக்கென்று ஆகும். மழைக்காடை வேறு. முதல் மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம் வந்ததும், கம்பங்கொல்லைப் பக்கம் 'விட் விட்' என்று விடியற்காலையில் கேட்கும். அதில் சேவலுக்கு மட்டும் மார்பில் கறுப்பு இருக்கும். இன்னொன்று தை அறுவடை முடிந்த வயலில், அறுத்த தாளுக்கு நடுவே திரியும். குளிர்காலத்தில் வந்து, வெயில் ஏறியதும் போய்விடும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது.

நான்காவதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. கடலைக் கொல்லையிலும் வரப்புப் புல்லிலும் வருஷம் முழுக்க இருக்கும். மற்ற காடைகளுக்குக் காலின் பின்பக்கம் ஒரு சின்ன விரல் உண்டு. இதற்கு அது கிடையாது. மூணு விரல் காடை என்று சொல்லுவோம். ஈர மண்ணில் தடத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். இதில் இரண்டு தோற்றம் உண்டு. ஒன்று கொஞ்சம் பெரியது, தொண்டையிலிருந்து மார்புவரை மை பூசினதுபோலக் கறுப்பு. மற்றது சிறியது, காய்ந்த புல் நிறம், தொண்டை வெளுப்பு. கறுத்த கழுத்துள்ளது கூப்பிட ஆரம்பித்தால் 'டுர்ர்ர்ர்' என்று நீளமாக வரும். நெடுஞ்சாலையில் யாரோ மோட்டார் சைக்கிளில் போகிறார்கள் என்று புது ஆள் நினைப்பான்.

பெரிய உடம்பு, கறுத்த கழுத்து, ஓயாத சத்தம், எதற்கெடுத்தாலும் சண்டை. இதெல்லாம் இருந்ததால் அதைச் சேவல் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மழைக்காடையில் கறுப்பு மார்பு சேவலுக்குத்தானே இருக்கிறது, இதற்கு மட்டும் எப்படி வேறாக இருக்கும்?

நான் குத்தகைக்குக் கடலை போடுகிறவன். காடை பிடிப்பது அதற்கு ஊடே. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்குக் காடைக் கறி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காக வீட்டுக்கே வந்து கேட்பார்கள். மீதியை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸின் பின்கதவில் கொடுத்துவிட்டு வருவேன். முன்கதவு வழியாகப் போக எனக்குக் கூச்சம்.

பிடிக்கிற விதம் சுலபமானது. பழக்கின காடை ஒன்றைச் சின்னக் கூண்டில் வைத்து வயலில் வைப்போம். அதற்குப் பார்வை என்று பெயர். கூண்டைச் சுற்றி நூல் கண்ணி கட்டியிருப்போம். பார்வை கூப்பிடும். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரன்போல இருக்கிற காடை, 'எவன்டா என் இடத்தில்' என்று சண்டைக்கு ஓடி வந்து கண்ணியில் மாட்டிக்கொள்ளும். வருவது எல்லாம் கறுத்த கழுத்துதான். எப்போதாவது மங்கலானது மாட்டினால் உடனே விட்டுவிடுவேன். சேவலைப் பிடிக்கலாம், பெட்டையைத் தொடக்கூடாது, அது முட்டை மேல் உட்காருகிற உயிர் என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம். அரசாங்கம் வைத்த சட்டம் வேறு இருக்கிறது என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

என்னிடம் இருந்த பார்வைக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. செங்கல் சூளையில் வேலை செய்கிறான். "உங்க ஆளு நெஞ்ச நிமித்திகினு நடக்கறத பாரு மாமா, அப்படியே எங்க மேஸ்திரி" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. மேஸ்திரி எட்டு வயல் தள்ளிக் கேட்கிற மாதிரி கத்தும். கூண்டுக்குள் விரலை விட்டால் கொத்தும். நான் வாய் திறக்காத ஆள். எனக்கும் சேர்த்து அது கத்துகிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

இனி குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. வேண்டாத கோயில் இல்லை. பிறகு வேண்டுவதையும் விட்டுவிட்டோம். என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளையைத் தூக்குகிற காலத்தில், இந்த வருஷம் சித்திரையில், எங்களுக்குப் பாப்பா பிறந்தாள். அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த பெரிய துக்கத்தை நாடே அறியும். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கண்ணியும் நூலுமாக வயலில் நடந்தால் போலீஸ்காரர்கள் நிறுத்திக் கேட்டார்கள். அதனால் நான் வீட்டோடு இருந்தேன். பாப்பா தூங்குவதையும் விழிப்பதையும் அப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது.

என் மனைவி ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். வெகுநாள் தற்காலிகமாக இருந்து, பிறகு பர்மனென்ட் ஆனவள். பிரசவ லீவு ஆடி நடுவில் முடிந்தது. அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் அந்த இடம் போய்விடும் என்று அவளுக்குப் பயம். எங்கள் கடலை மழையை நம்பியது. அவள் சம்பளம் மழையை நம்பாதது. அதோடு, அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வேனில் ஏறும்போது அவள் முகமே வேறாக இருக்கும்.

பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது? என் மாமியார் வாலாஜாபாத்தில் இருக்கிறார். மாமனார் படுத்த படுக்கை. அவரை விட்டு இங்கே வந்து தங்க முடியாது. அதனால் பாப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். லீவு முடிவதற்கு முந்தின வாரம், ஒரு வியாழக்கிழமை, கையில் பெரிய பையோடு வந்து இறங்கினார்.

"நடக்கற வயசு வர்ற வரிக்கும் எங்கிட்ட இருக்கட்டும் மாப்ள. ஞாயித்துக்கெழமைல நீங்க வந்து பாத்துகினு போங்க. நாளைக்கு ஆடி வெள்ளி, பச்சப் புள்ள வாசப்படி தாண்டக் கூடாது. சனிக்கெழம காலைல பஸ்ஸு புடிக்கறேன்."

நான் தலையை ஆட்டினேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்ததுபோல இருந்தது. பாப்பாவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் எங்கள் தெருவில் ஆண்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், அழுதால் உடனே யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். முழுநாளும் வைத்துக்கொண்டு, கழுவி, பால் கொடுத்து, தூங்கவைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருமுறை நான் தூளி ஆட்டியதைப் பார்த்த மச்சான், "இன்னா மாமா, தாலாட்டும் பாடுவியா?" என்று கேட்டு, அதை டீக்கடைவரை கொண்டுபோய்விட்டான். அன்றைக்கு அந்தச் சிரிப்புதான் என் காதில் இருந்தது.

மறுநாள், ஆடி வெள்ளி, காலையில் மச்சான் வந்தான். அவனுடைய சூளை மேஸ்திரி வீட்டில், காய்ச்சல் ஓய்ந்த பிள்ளைக்குக் காடை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"எங்க மாமா நம்ம மேஸ்திரி? ரெண்டு மேஸ்திரிய சேத்து வெச்சுடலாம் இன்னிக்கு" என்று சொல்லிக்கொண்டே தாழ்வாரத்தில் மாட்டியிருந்த கூண்டை இறக்கினான். மூடியிருந்த துணியை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா."

"இன்னா?"

"முட்ட கீது மாமா."

நான் நம்பாமல் போய்ப் பார்த்தேன். கூண்டின் மூலையில், தவிட்டுக்கு நடுவில் ஒரு முட்டை. சாம்பல் வெள்ளையில் பழுப்புப் புள்ளி தெளித்தது. மேஸ்திரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பியைக் கொத்திக்கொண்டிருந்தது.

"யம்மா! யக்கா! ஓடியாங்க! மேஸ்திரிக்குப் பிரசவம் ஆயிட்ச்சு!"

"ஏன்டா கத்தறே, புள்ள தூங்குது" என்று வந்த மாமியார் குனிந்து பார்த்தார். "இன்னாடா இது, சேவலுன்னீங்க?"

"நான் சொல்லல, மாமாதான் சொன்னாரு. இத்தினி வருசமா சேவல் சேவல்னு கூடவே வெச்சிகினு கீறாரு, ஆம்பளயா பொம்பளயான்னு தெரில. நல்ல வேள மாமா, பாப்பா பொறந்தப்ப நர்ஸம்மா சொல்லிட்டாங்க, நம்மள கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சானுக்கு நிறுத்த மனம் வரவில்லை. "மேஸ்திரிக்கு மூணு மாசம் லீவு குடுங்க மாமா. சம்பளத்தோட."

அப்போது என் மனைவி சொன்னாள்: "லீவு முடிஞ்சா? முட்டைய யாரு பாத்துப்பா? வாலாஜாபாத்துக்கு அனுப்பிடுவியா?"

சிரிக்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். மாமியார் பையில் மடித்து வைத்த துணிகளை மறுபடி எடுத்து மடித்தார்.

என்னால் வீட்டில் நிற்க முடியவில்லை. கொல்லைக்குப் போனேன். போகும்போது ஒரு கேள்வி கூடவே வந்தது. முட்டை போடுகிற மேஸ்திரி பெட்டை என்றால், அதே மாதிரி கறுத்த கழுத்துள்ளது எல்லாம் பெட்டை. அப்படியானால் வரப்பில் முட்டை மேல் உட்காருகிறதே மங்கலான ஒன்று, அது யார்?

என் கொல்லை வரப்பில், ஒரு புல் குத்துக்கு அடியில் அப்போது ஒரு கூடு இருந்தது. தரையில் சின்னக் குழி, மேலே புல்லை வளைத்துக் கூரைபோல விட்டிருக்கும். களை எடுக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டிருந்தேன். இரண்டு பாத்தி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். காத்திருப்பது எனக்கு வரும். பேசத்தான் வராது.

கூட்டில் அது இல்லை. முட்டை ஓடுதான் கிடந்தது. நாய் ஏதாவது கலைத்துவிட்டதோ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தடம் தேடினேன். அப்போது கடலைச் செடிக்கு அடியிலிருந்து அந்தச் சின்னப் பறவை வெளியே வந்தது. வெளுத்த தொண்டை. பின்னாலேயே மூன்று குஞ்சுகள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நுனி அளவு. நடக்கிறதா உருளுகிறதா என்று தெரியாத வேகம். அந்தப் பறவை மண்ணைக் கிளறி, ஒரு கறையானை எடுத்தது. தான் தின்னவில்லை. அலகு நுனியில் பிடித்தபடி மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தது. ஒரு குஞ்சு ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டது. திரும்பக் கிளறியது. மேகம் மறைத்து லேசாகத் தூறியபோது தரையோடு பதுங்கி இறக்கையை விரித்தது. மூன்றும் உள்ளே போய்விட்டன. வெளியே ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த கொல்லையில் கறுத்த கழுத்து ஒன்று 'டுர்ர்ர்ர்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அதன் வேலை. இது தலையைக்கூடத் தூக்கவில்லை.

அது சேவல். முட்டை மேல் உட்கார்ந்ததும் அதுதான், இப்போது இறக்கைக்குள் வைத்துக்கொண்டிருப்பதும் அதுதான். இத்தனை காலம் அதைப் பெட்டை என்று நினைத்துத் தொடாமல் விட்டதால் அந்தக் கொல்லையில் குஞ்சுகள் பொரித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. எது சேவல், எது பெட்டை என்று சரியாகத் தெரிந்திருந்தால், என் சட்டப்படி இந்தச் சின்னதைத்தான் பிடித்திருப்பேன். முட்டையெல்லாம் குளிர்ந்துபோயிருக்கும். என்னுடைய தவறான கணக்கு அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. ஈரத்தில் உட்கார்ந்தபடி எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது.

மற்ற காடைகளில் இப்படி இல்லை. கல்மேட்டுக் காடையில் பெட்டைதான் அடைகாக்கும், அதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஊர், ஒரே மழை, நாலு வயல் தள்ளி வேறு வழக்கம். அதற்காக எந்தக் காடையும் மற்றதைக் கேலி செய்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். முகத்தைப் பார்த்துப் பேசினால் வராது என்று தெரியும். அதனால் சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னேன்.

"அத்தை, பாப்பா இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு, நீங்களா?" என்றார் மாமியார்.

"ம்."

"கொல்லைக்கு யாரு போவா?"

"அவளையும் எடுத்துகினு போவேன். புங்கமரத்துல தூளி கட்டிக்கறேன்."

"பாலு?"

"பாலாடைல குடுக்கறேன். நீங்க குடுக்கறத பாத்துகினுதான் இருந்தேன்."

நான் வாழ்க்கையில் மாமியாரிடம் தொடர்ந்து அவ்வளவு பேசியது அதுதான் முதல் முறை. மச்சான் வாயைத் திறந்தான். என் மனைவி, "நீ மூடுடா" என்றாள். அவன் மூடிக்கொண்டான்.

மாமியார் தூளியிலிருந்து பாப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். தூக்கத்தைக் கலைத்தால் எந்தப் பிள்ளையும் அழும். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். பாப்பா முகம் சிவந்து கத்தினாள். தோளில் போட்டேன், கேட்கவில்லை. தட்டினேன், இன்னும் கத்தினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பாப்பாவைக் கழுத்தோடு அணைத்து, பார்வை கூப்பிடாத நாட்களில் நானே கூப்பிடுவதுபோல, அடித்தொண்டையில் 'டுர்ர்ர்ர்' என்றேன்.

உடனே நிற்கவில்லை. இரண்டாவது முறை அழுகை பாதியாயிற்று. மூன்றாவது முறை தலையைத் தூக்கி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். பிறகு என் தொண்டை மேல் கையை வைத்தாள். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கூண்டிலிருந்து மேஸ்திரி பதில் கொடுத்தது.

"புள்ளைக்கு மோட்டார் வண்டி வுடறாரு பாரு உன் வூட்டுக்காரரு" என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "ஒரு வாரம் இருந்து பாக்கறேன்" என்றார். பக்கத்து வீட்டு ஆள் மூலமாக வாலாஜாபாத்துக்குச் சொல்லி அனுப்பி, மாமனாருக்குச் சோறு போட ஏற்பாடு செய்தார்.

அந்த ஒரு வாரம் எனக்குப் பரீட்சைதான். லீவு முடிந்த அன்று என் மனைவி வெள்ளைத் தொப்பியோடு வேன் ஏறினாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாலை அதிகச் சூடாகக் காய்ச்சினேன், தண்ணீர் கலக்க மறந்தேன், இடுப்புத் துணியைத் தலைகீழாகக் கட்டினேன். மாமியார் ஒவ்வொன்றையும் சொன்னார். நான்காவது நாள் சொல்வதைக் குறைத்தார். கடைசி நாள் கொல்லைக்கே வந்து, புங்கமரத்துத் தூளிக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மறுநாள் பஸ் ஏறினார். வந்த பை காலியாகப் போகக் கூடாது என்று என் மனைவி அதில் முருங்கைக்காயை நிறைத்துக் கொடுத்தாள்.

மேஸ்திரி மொத்தம் மூன்று முட்டை போட்டது. சேவல் சேராத முட்டை, பொரிக்காது. "ஆம்லெட்டாச்சும் போடலாமா மாமா?" என்று மச்சான் கேட்டான். நான் கொடுக்கவில்லை. கூண்டை வரப்புக்கு எடுத்துப்போய்க் கதவைத் திறந்து வைத்தேன். மேஸ்திரி வெளியே வந்து, மண்ணில் புரண்டு, நடந்தே கடலைச் செடிக்குள் போனது. சாயங்காலம் மூன்று கொல்லை தள்ளி அதன் குரல் கேட்டது. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? பெரிய மனது என்று யாரும் நினைக்க வேண்டாம். தூளியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ணிக்குப் பக்கத்தில் மூச்சு விடாமல் ஒளிந்திருக்க முடியாது, அவ்வளவுதான். காய்ச்சல்காரர்களுக்குக் காடை கேட்டு வந்தால் இப்போது நாட்டுக்கோழி வாங்கிக்கொள்ளச் சொல்லுகிறேன்.

கேலி ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். "இன்னா காடச் சேவலே, புள்ள பாலு குடிச்சிட்சா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "குடிச்சிட்சு, உனக்குத்தான் டீ வரல" என்று ஒருநாள் பதில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு என் கிளாஸைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன். போன வாரம் மச்சான் தனியாக வந்தான். அவன் பெண்டாட்டிக்குத் தை மாதம் பிரசவம். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "மாமா, இந்தத் தூளி முடிச்சு அவுராத மாதிரி எப்டி போடற?" என்று கேட்டான். இரண்டு முறை அவிழ்த்துக் கட்டிக் காட்டினேன். சிரிக்காமல் பார்த்துக்கொண்டான்.

இப்போது ஏரி நிறைந்திருக்கிறது. வெளியே தூறல். என் மனைவிக்கு இரண்டாவது ஷிப்ட். கடலை பிடுங்கியாகிவிட்டது, கொல்லையில் ஈரப் புல்தான் இருக்கிறது. அதில் எங்கோ மூணு விரல் காடைகள் பதுங்கியிருக்கும். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே எழுதுவதால் வரிகள் இன்னும் கோணலாகப் போகின்றன. ஆவணியில் எழுத நினைத்தது, இன்றைக்குத்தான் முடிந்தது. பாப்பா விழித்துவிட்டாள். தூளிக்குள்ளிருந்து 'டுர்ர்' என்கிறாள், எச்சில் தெறிக்க. பதில் கொடுக்க வேண்டும்.

கார்த்திகை மாதக் கடைசி வியாழக்கிழமை, 12-12-1991.